பிரெஞ்சு, சீன இனிப்புகள்: ஹலாலும் அளவும்

பெருநாள் அன்று வட்டலப்பமும் தொதலும் இருந்த மேசையில் இப்போது எக்ளேர் பெட்டியும் சேர்ந்துவிட்டது. காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பெட்டியில் மாக்கரோன் கொண்டுவருவது அங்கே பழகிய விஷயம். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு மூன்கேக்கும் எக் டார்ட்டும் பக்கத்து வீட்டுப் பண்டங்கள். சென்னையிலும் கோவையிலும் உள்ள பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "உம்மா, குரோசான் வாங்கித் தாங்க" என்று கேட்கிறார்கள்.

வீட்டில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பெரியவர்களில் சிலர், "அதெல்லாம் நமக்கு ஆகாது, என்ன கலந்திருப்பானோ" என்று முழுதாக ஒதுக்கிவிடுகிறார்கள். இளைஞர்களில் சிலர், "மாவும் சீனியும்தானே, இதில் என்ன ஹராம்" என்று பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். இருவருமே விசாரிக்கவில்லை. அல்லாஹ் அனுமதித்த நல்லவற்றை நாமாக ஹராமாக்கிக்கொள்ள வேண்டாம், வரம்பும் மீற வேண்டாம் என்ற இரண்டு கட்டளைகளும் அல்மாயிதா அத்தியாயத்தின் 87-வது வசனத்தில் ஒன்றாகவே வருகின்றன. இனிப்பை விரும்புவது தவறும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

ஆகவே நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: பண்டத்துக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு சாப்பிடுகிறோம்.

பிரெஞ்சுப் பண்டங்களில் கவனிக்க வேண்டியவை

நம் ஊர் பேக்கரியில் 'பேஸ்ட்ரி' என்று கேட்டால் கிரீம் தடவிய கேக் துண்டைத்தான் தருவார்கள். பிரான்சில் அப்படி இல்லை. அங்கே குரோசான், பான் ஓ ஷோகொலா போன்ற அடுக்கு மாவுப் பண்டங்கள் ஒரு வகை. எக்ளேர், மில்ஃபாய், டார்ட், மூஸ் கேக் போன்றவை இன்னொரு வகை. ஹலால் பார்வையில் முதல் வகையில் சிக்கல் குறைவு, இரண்டாவதில் அதிகம்.

நல்ல குரோசானில் மைதா, வெண்ணெய், பால், ஈஸ்ட், சிறிது சீனி, உப்பு இருக்கும். மேலே முட்டை தடவுவார்கள். மாவின் நடுவே வெண்ணெய்ப் பலகையை வைத்து மடித்து, தேய்த்து, குளிர வைத்து, மறுபடி மடிப்பார்கள். மூன்றாக மூன்று முறை மடித்தால் 27 அடுக்கு வெண்ணெய் கிடைக்கும். ஓவன் சூட்டில் அந்த வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிப் பிரிக்கிறது. நம் ஊர் பப்ஸிலும் இதே வேலைதான் நடக்கிறது. என்ன, அதில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் இருக்கும், ஈஸ்ட் இருக்காது. மலிவான குரோசானிலும் மார்ஜரின்தான். அந்தக் கொழுப்பு எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். 'பாபா ஓ ரம்' என்ற பண்டத்தின் பெயரிலேயே மது இருக்கிறது, ரம் கலந்த பாகில் ஊறவைத்துத்தான் தருவார்கள். அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுபவை மற்றவை. போர்தோ நகரத்துப் பண்டமான கனெலே, பார்க்கச் சின்னப் பணியாரம் போல இருக்கும். அதன் மாவில் வெனிலாவோடு ரம்மும் சேரும். பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில், அசல் முறைப்படி செய்தால், செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ் என்ற மது உண்டு. பாதாம் விழுதிலும் கஸ்டர்ட் கிரீமிலும் ஒரு கரண்டி ரம் ஊற்றுவதை அங்கே சமையல்காரர்கள் ஏலக்காய் தட்டிப் போடுவதைப் போல இயல்பாகச் செய்வார்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது.

"சூட்டில் மது எல்லாம் பறந்துவிடுமே" என்று சொல்வோர் உண்டு. அது சரியான தகவல் அல்ல. அரை மணி நேரம் அடுப்பில் இருந்த பிறகும் சேர்த்த மதுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தங்கியிருக்கும் என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைகள் காட்டுகின்றன. பாபாவில் பாகை ஊற்றுவதே வெந்த பிறகுதான்! எல்லாமே பறந்துவிட்டாலும், மதுவை வேண்டுமென்றே வாங்கி உணவில் ஊற்றலாமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. வெனிலா எசென்ஸில் கரைப்பானாக இருக்கும் ஆல்கஹால் பற்றி ஆலிம்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. நாம் நம்பிக் கேட்கும் ஆலிமிடம் ஒருமுறை தெளிவு பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்தது ஜெலட்டின். மூஸ் கேக்கை நிற்க வைப்பதும், மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சைத் தருவதும் பெரும்பாலும் அதுதான். ஐரோப்பாவில் தயாராகும் உணவு ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது. சிவப்பு மாக்கரோனின் நிறத்துக்குக் கார்மைன் சேர்த்திருக்கலாம். பொட்டலத்தில் இ120 என்று போட்டிருந்தால் அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். இ471 என்ற கூட்டுப்பொருள் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். எது என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டினும் விலங்குக் கொழுப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மது இல்லை என்று அந்தப் புள்ளி சொல்லவில்லை, மது சைவம்தானே! அதேபோல, பேக்கரிப் பண்டத்தில் பழுப்பு நிற அசைவக் குறி இருப்பதைக் கண்டு பதற வேண்டியதும் இல்லை. நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்ந்தாலே அந்தக் குறி வந்துவிடும். இரண்டு குறிகளையும் பார்த்த பிறகும் பொருட்பட்டியலைப் படிக்கத்தான் வேண்டும்.

சீனப் பண்டங்களும் பன்றிக் கொழுப்பும்

சீனப் பண்டங்களில் மது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை கொழுப்பில்தான். சீன அடுக்குப் பண்டங்களுக்கு இரண்டு மாவு பிசைவார்கள், ஒன்று தண்ணீர் சேர்த்தது, மற்றொன்று வெறும் கொழுப்பு சேர்த்தது. ஒன்றை மற்றொன்றுக்குள் பொதிந்து, உருட்டி, மடித்துச் சுட்டால் தொட்டதும் உதிரும் மேலோடு கிடைக்கும். அந்தக் கொழுப்பு காலங்காலமாகப் பன்றிக் கொழுப்பு. 'லாவ் போ பிங்' எனப்படும் மனைவி கேக், எக் டார்ட்டின் மேலோடு, வால்நட் பிஸ்கட், பினாங்கில் பெயர்பெற்ற பாசிப்பயறு பொதிந்த 'தவ் சார் பியா' எல்லாமே மரபுப்படி அதில்தான் செய்யப்பட்டன. உள்ளே பயறும் பூசணியும் மட்டும் இருப்பதைப் பார்த்து, "சைவம்தான்" என்று நம்பிவிடக் கூடாது. மூன்கேக்கின் தாமரை விதை விழுதிலும் பழைய முறையில் அதே கொழுப்புச் சேரும்.

இன்று பல கடைகள் தாவர எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் மாறியிருக்கின்றன. மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் மூயிஸ் ஹலால் முத்திரையோடு மூன்கேக்குகளே விற்கின்றன. ஆனால் "நோ போர்க், நோ லார்ட்" என்ற பலகை ஹலால் முத்திரைக்கு ஈடாகாது. பன்றி இறைச்சியும் கொழுப்பும் இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார், அவ்வளவுதான். மது, ஜெலட்டின், பாத்திரம் பற்றி அந்தப் பலகையில் ஒரு வார்த்தையும் இல்லை. சீன எழுத்து தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் இரண்டு சொற்கள் உதவும். பன்றிக் கொழுப்புக்கு 'ஜூ யோ' என்பார்கள். ஹலாலுக்கு 'ச்சிங் ஜென்'. பிரான்சில் 'சான் அல்கோல்' என்றால் மது இல்லாதது, 'சான் ஜெலாத்தீன்' என்றால் ஜெலட்டின் இல்லாதது.

இந்த 'ச்சிங் ஜென்' என்ற சொல்லுக்குப் பின்னால் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு சமுதாயம் இருக்கிறது. சீனப் பண்டம் என்றாலே முஸ்லிம்களுக்கு ஆகாது என்று நினைக்கிறோம். ஹுய் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாகச் சீன இனிப்புகளை ஹலாலாகச் செய்து வருகிறார்கள். ஷியான் நகரத்து முஸ்லிம் பகுதியில், பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில், பெர்சிமன் பழக்கூழை மாவோடு பிசைந்து, உள்ளே சீனியும் வால்நட்டும் மணக்கும் பூவும் வைத்து எண்ணெயில் சுட்டுத் தருகிறார்கள். ஒட்டும் அரிசியையும் சீன இலந்தையையும் அடுக்கடுக்காக வைத்து ஆவியில் அவிக்கும் 'ஜெங் காவ்' அங்கே காலை உணவு. நம் பாசிப்பயறு உருண்டைக்கு உறவு என்று சொல்லத்தக்க பயற்றுக் கேக்கும் உண்டு. பெய்ஜிங்கில் 996-ல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் நியூஜியே பள்ளிவாசலின் தெருவிலும் இத்தகைய ஹலால் இனிப்புக் கடைகள் இருக்கின்றன. பெருநாளில் ஹுய் வீடுகளில் 'யோ ஷியாங்' என்ற பொரித்த ரொட்டியைச் செய்து அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் அனுப்புவார்கள். நாம் நெய்ச்சோறும் இனிப்பும் அனுப்புவது போலத்தான்.

மூன்கேக் சீனரின் இலையுதிர்காலப் பண்டிகையோடு சேர்ந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் நமக்கு என்ன பங்கு என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் பெட்டியை முகம் சுளிக்காமல் வாங்கி, முத்திரை இல்லாவிட்டால் சாப்பிடாமல் விடுவது நாகரிகமான வழி. பல சீன நண்பர்கள் நமக்காகவே ஹலால் முத்திரை தேடி வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

குரோசானும் பிறைக் கதையும்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்தியைப் பற்றியும் பேசிவிடுவோம். 1683-ல் உஸ்மானியர்கள் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவர்களுடைய கொடியின் பிறையைக் கடித்துத் தின்பதற்காகவே குரோசானைச் செய்தார்களாம். ஆகவே அதைச் சாப்பிடுவது முஸ்லிம்களை இழிவுபடுத்துவதாம்.

அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இந்தக் கதைக்குச் சான்று இல்லை. கதையே ஒருபடியாக இல்லை. ஒருவர் வியன்னா 1683 என்கிறார், இன்னொருவர் புதா நகரம் 1686 என்கிறார். ஆஸ்திரியாவில் 'கிப்ஃபல்' என்ற பிறை வடிவ ரொட்டி அந்த முற்றுகைக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இருந்தது. 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா பாணி பேக்கரி திறந்ததும், பிரெஞ்சுக்காரர்கள் அந்த ரொட்டியைத் தங்கள் மொழியில் பிறை என்று பொருள்படும் 'குரோசான்' என்று அழைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் அடுக்கடுக்கான குரோசானின் செய்முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சில் வருகிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை ஃபார்வர்டு மெசேஜ்களுக்கும் பொருந்தும்தானே.

அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

ஹலால் என்று உறுதியான பிறகுதான் அளவைப் பற்றிய கேள்வி. இங்கேதான் நம் வீடுகளில் பெரிய இடைவெளி இருப்பதாக நமக்குப் படுகிறது. பண்டத்தை வாங்கிக்கொண்டோம். அதைச் சாப்பிடும் முறையைக் கடையிலேயே விட்டுவிட்டோம்.

மூன்கேக்கையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவு, 180 கிராம் எடை. உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு வைத்த தாமரை விழுது மூன்கேக் ஒன்றில் 700 கலோரிக்கு மேல் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு முழு மதியச் சாப்பாடு. ஆனால் சீன வீட்டில் அதை ஒருவர் தனியாகச் சாப்பிடுவதில்லை. நாலாக, ஆறாக, எட்டாக வெட்டி நடுவில் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. கூடவே பாலும் சீனியும் இல்லாத தேநீர். அந்தக் கசப்பு, அடுத்த துண்டின் மீதான ஆசையையே குறைத்துவிடும். நாமோ முழு மூன்கேக்கைத் தட்டில் வைத்து, பக்கத்தில் மூன்று கரண்டி சீனி போட்ட பால் டீயையும் வைக்கிறோம்.

பிரெஞ்சு வழக்கமும் ஏறக்குறைய இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு, வீட்டிலுள்ள தலைகளை எண்ணி ஆளுக்கு ஒன்று என்று வாங்கி வருவார்கள். அந்த எக்ளேர் சிறியது. அன்றைய சாப்பாட்டின் கடைசிப் பகுதி. பிள்ளைகளுக்கு மாலை நாலரை மணி வாக்கில் ஒரு சிற்றுண்டி நேரம் உண்டு. அதற்கு வெளியே நாள் முழுக்கக் கொறிப்பது அங்கே நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. நாம் அதே எக்ளேரை மக்ரிபுக்குப் பிறகு, சமோசாவும் ரோஸ்மில்க்கும் முடிந்த வயிற்றில், டிவி முன்னால் பெட்டியோடு வைத்துச் சாப்பிடுகிறோம்.

அளவு என்றால் நம்மிடமே இல்லாத ஒன்றை அவர்களிடம் கற்க வேண்டியதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி (திர்மிதீ) நமக்கெல்லாம் மனப்பாடம். அதைவிட, பேஸ்ட்ரி பெட்டிக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு ஹதீஸை நாம் அதிகம் பேசுவதில்லை. கூடியிருந்து சாப்பிடும்போது, உடனிருப்பவரின் அனுமதி இல்லாமல் இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி). ஆறு பேர் உள்ள வீட்டில் எட்டு மாக்கரோன் இருந்தால் அந்த இரண்டு யாருடையது? நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல சந்தர்ப்பம். ஈரப் பேரீச்சம்பழத்தை வெள்ளரிக்காயோடு சேர்த்து நபி (ஸல்) அவர்கள் சாப்பிட்டதும் புகாரியில் வருகிறது. இனிப்புக்குப் பக்கத்தில் இனிப்பில்லாத ஒன்று. காயல்பட்டினத்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோம். அந்தப் பழக்கம் கேக் வந்தவுடன் மட்டும் ஏன் ஆளுக்கொரு பெட்டி ஆகிவிடுகிறது என்று நாம் யோசிக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி என்று மதிப்பிட்டது. நம் தெருக்களில் வாப்பா ஒரு மாத்திரை, உம்மா ஒரு மாத்திரை என்று இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. சேர்க்கப்படும் சீனி, ஒருவருடைய நாள் உணவின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டியது. ஒரு பெரியவருக்கு அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. மாக்கரோன் ஓட்டின் எடையில் பாதிக்கு மேல் சீனிதான். குரோசானில் சீனி குறைவு என்று நிம்மதி அடைந்தால், அங்கே வெண்ணெய் காத்திருக்கிறது. ஒரு கிலோ மாவுக்கு அரைக் கிலோ வரை போகும். மார்ஜரின், வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதால் 2022 முதல் அதன் அளவை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியிருக்கிறது. சின்னக் கடைகளில் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்ததாக இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

வாங்கும்போதே தலை எண்ணி வாங்குவது முதல் வேலை. 'ஆறு வாங்கினால் இரண்டு இலவசம்' என்பது நம் உடம்புக்கு இலவசம் அல்ல. பெட்டியை மேசையில் திறந்து வைக்காமல், அடுப்பங்கரையில் வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணுக்கு முன் பெட்டி இருக்கும் வரை கை போய்க்கொண்டுதான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு என்பது, வெறும் வயிற்றில் இரண்டு துண்டைவிட மேல். கூட வைக்கும் டீயில் சீனியை விட்டுவிடுங்கள். சுலைமானி போட்டால் இன்னும் நல்லது, மூன்கேக்குக்கு அது அருமையாகப் பொருந்துகிறது.

நோன்புக் காலத்தில் இஃப்தாரின் முதல் கவளமாக இந்தப் பண்டங்கள் வர வேண்டாம். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, தொழுகை எல்லாம் முடிந்து, வயிறு நிறைந்ததா என்று தெரிந்த பிறகு வேண்டுமானால் ஒரு துண்டு. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் தட்டில் விலை உயர்ந்த கேக்கை அடுக்குவது இப்போது ஒரு போட்டியாகி வருகிறது. அந்த வீட்டில் நான்கு பேர், அதில் இருவருக்கு நீரிழிவு என்று தெரிந்தும் இரண்டு கிலோ அனுப்பினால், அதில் பாதி குப்பைக்குத்தான் போகும். வீண்விரயம் அனுப்புகிறவர் கணக்கிலா, எறிகிறவர் கணக்கிலா?

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மனைவி கேக், வால்நட் பிஸ்கட் இரண்டுக்கும் பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெயோ நெய்யோ போட்டால் நன்றாகவே உதிரும். கனெலேயில் ரம்மை விட்டுவிட்டு வெனிலாக் காயை மட்டும் பாலில் கொதிக்க வைத்துச் சேர்க்கலாம். மூஸுக்கு ஜெலட்டின் இடத்தில் கடற்பாசி போதும். நோன்பு நேரத்தில் அதைக் காய்ச்சி உறைய வைக்கத் தெரியாத வீடு நம்மிடம் உண்டா? கடற்பாசியில் உறைந்தது சற்றுக் கெட்டியாக இருக்கும், அதனால் குறைத்தே போட வேண்டும். குரோசானுக்கு மாவை உருட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அன்றன்றைக்கு எத்தனை பேரோ அத்தனையை மட்டும் சுடலாம்.

நீரிழிவு உள்ள பெரியவர்களை மேசையிலிருந்து விலக்கி உட்கார வைப்பது அவர்களுக்கு மிகுந்த மனவருத்தம் தரும். பின்னர் யாரும் பார்க்காதபோது அடுப்பங்கரையில் முழுசாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். மருத்துவர் அனுமதித்தால், எட்டில் ஒரு துண்டை எல்லோரோடும் சேர்த்துத் தட்டில் கொடுங்கள், அந்த வேளை சோற்றைச் சற்றுக் குறைத்து. இனிப்புச் சாப்பிட்டோமே என்று மாத்திரையையோ இன்சுலினையோ அவர்களாகக் கூட்டிக்கொள்ள மட்டும் விடாதீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.